வானில் ஓர் ஆசியா: நம் பிள்ளைகளிடம் யார் சொல்வது?

சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டிறுதி விடுமுறையில், கெடா மாநிலத்தின் பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நண்பர்களோடு சேர்ந்து மாணவர் முகாம் நடத்தினேன். பகலெல்லாம் கணிதம், கட்டுரை, விளையாட்டு. இரவு உணவு முடிந்ததும் பிள்ளைகளைப் பள்ளித் திடலில் பாய் விரித்து உட்கார வைத்தோம். சுற்றிலும் செம்பனை. பட்டணத்து வெளிச்சம் எட்டாத வானம். கையிலிருந்த இரவல் தொலைநோக்கியால் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தையும், ஆறாமீனையும், வியாழனையும் காட்டினோம். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னோம். ஒன்று கிரேக்கப் பெயர், மற்றொன்று அரபுப் பெயர், இன்னொன்று இலத்தீன்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "எல்லாமே வேற ஊரு ஆளுங்க கண்டுபிடிச்சதா அக்கா? தமிழு பேசுற ஊர்ல இருந்து யாருமே எதுவுமே கண்டுபிடிக்கலையா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எங்களுள் ஒருவர் வழக்கமான விடையைச் சொன்னார்: "நம்ம முன்னோர்களுக்கு எல்லாமே தெரியும்மா. அந்தக் காலத்திலேயே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டாங்க." அவள் விடவில்லை. "எத?" என்றாள்.

அந்த ஒற்றைச் சொல்லுக்கு எங்களிடம் விடை இல்லை. தேதியும் இல்லை, இடமும் இல்லை, பெயரும் இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் ஒரு தொடக்கப்பள்ளி மாணவியின் முன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம். அந்த வெட்கம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அன்றிரவு அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை ஒன்று உண்டு. அதை முதலில் சொல்கிறேன். அது நம்மைப் போன்ற தமிழ் மாணவர் அமைப்புகளிடம் என்ன கேட்கிறது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மதராஸில் ஓர் ஏப்ரல் இரவு

1786-ஆம் ஆண்டை நாம் அனைவரும் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். பிரான்சிஸ் லைட் கெடா சுல்தானுக்குரிய பினாங்குத் தீவில் கொடியேற்றிய ஆண்டு அது. அதே ஆண்டில், வங்கக் கடலின் மறு கரையில், மதராஸில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான வில்லியம் பெட்ரி என்பவர் சொந்த முயற்சியில் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். பின்னர் அது கம்பெனியின் உடைமையாகி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் பெற்றது. அங்கே கருவிகளைத் தாங்க நிறுவப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டுப் பொறித்தார்கள். கம்பெனிக்கு வானியல்மீது இருந்த காதல் வெறும் அறிவுக் காதல் அன்று. கப்பல் வழி தவறாமல் செல்லவும், பிடித்த நிலத்தை அளக்கவும் விண்மீன்களின் துல்லியமான இடங்கள் தேவைப்பட்டன. பினாங்கும் நுங்கம்பாக்கம் ஆய்வுக்கூடமும் ஒரே வாணிகத் தேவையின் இரு கிளைகள்தாம்.

1861-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் என்ற ஆங்கிலேயர் அந்த ஆய்வுக்கூடத்தின் வானியலாளராகப் பொறுப்பேற்றார். இங்கிலாந்தில் இருந்தபோதே அவர் மூன்று சிறுகோள்களைக் கண்டுபிடித்திருந்தார். மதராஸ் வந்த சிறிது காலத்திலேயே, 1861 ஏப்ரல் 17 அன்று, நான்காவது ஒன்றைக் கண்டார். அதுவரை அறியப்பட்ட சிறுகோள்களின் வரிசையில் அதற்கு 67 என்ற எண் கிடைத்தது. முதல் சிறுகோளான செரசை 1801 ஜனவரி முதல் நாள் இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து பியாட்சி கண்டது முதல், அதுவரை எந்தச் சிறுகோளும் ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்டதில்லை. அதனால் இப்புதிய கோளுக்கு வைத்த பெயர் 'ஆசியா'. கிரேக்கப் புராணத்தில் அப்பெயரில் ஒரு நீர்த்தேவதை இருப்பதால், தேவதைப் பெயர் வைக்கும் அக்கால மரபும் காப்பாற்றப்பட்டது.

ஆசியக் கண்டத்தின் பெயரைத் தாங்கிய கோள் ஒன்று வானில் சுற்றுகிறது. அது முதன்முதலில் மனிதக் கண்ணில் பட்ட இடம் தமிழ் பேசும் ஓர் ஊர். "எத?" என்று கேட்ட அந்தச் சிறுமிக்கு எண், தேதி, இடம் மூன்றும் உள்ள விடை இதுதான்.

எப்படிக் கண்டார்கள் என்பதும் சொல்லத்தக்கது. நிழற்படத் தட்டைக் கொண்டு சிறுகோள்களைத் தேடும் முறை 1891-இல்தான் வந்தது. அதற்கு முன் எல்லாம் கண்ணாலும் கையாலும் செய்த வேலை. வானின் ஒரு சிறு பகுதியிலுள்ள மங்கலான விண்மீன்களையெல்லாம் புள்ளி புள்ளியாக வரைபடத்தில் குறிக்க வேண்டும். மறு நாளும் அதற்கடுத்த நாளும் அதே பகுதியைப் பார்த்து ஒப்பிட வேண்டும். ஆயிரம் புள்ளிகளில் ஒன்று மட்டும் சற்று நகர்ந்திருந்தால் அதுதான் சிறுகோள். 1861-இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தந்தித் தொடர்பு இல்லை. கண்டதைக் கடிதத்தில் எழுதிக் கப்பலில்தான் அனுப்ப வேண்டும். கடிதம் போய்ச் சேர்வதற்குள் கோள் நகர்ந்துவிடும் என்பதால், கண்டவர்களே இரவு தவறாமல் அதைப் பின்தொடர்ந்து அளக்க வேண்டும். பொறுமையும் ஒழுங்கும்தான் அன்றைய முக்கியக் கருவிகள்.

அது எப்படிப்பட்ட கோள்?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் இலட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றுகின்றன. அதைச் சிறுகோள் பட்டை என்கிறோம். எண் பெற்ற சிறுகோள்கள் மட்டுமே இன்று ஏழு இலட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆசியா அந்தப் பட்டையின் உட்பகுதியில் இருக்கிறது. சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவு, பூமியின் தொலைவைப்போல் 2.42 மடங்கு. பாதை முழு வட்டமன்று, அண்மையில் 1.97 மடங்கு வரை நெருங்கி, சேய்மையில் 2.87 மடங்கு வரை விலகிச் செல்கிறது. ஒரு சுற்றை முடிக்க 3.77 ஆண்டுகள், அதாவது மூன்றே முக்கால் ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். நொடிக்குச் சராசரியாக 19 கிலோமீட்டர் வேகம். கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இதுவரை நாற்பது முறைக்கு மேல் சூரியனைச் சுற்றி வந்துவிட்டது.

2.42 என்ற எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. சூரியனிலிருந்து 2.5 மடங்குத் தொலைவில் சிறுகோள் பட்டையில் ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே ஒரு பாறை சுற்றினால், வியாழன் ஒரு சுற்று முடிப்பதற்குள் அது மூன்று சுற்று முடிக்கும். அதனால் வியாழனின் இழுப்பு ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வந்து, அதன் பாதையைக் குலைத்துவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் அது மேலும் மேலும் உயர்வதைப்போலத்தான். இந்த இடைவெளிகளை 1866-இல் அமெரிக்கரான டேனியல் கிர்க்வுட் எடுத்துக் காட்டினார். ஆசியா அந்த வெறுமைக்குச் சற்று உள்ளே, பாதுகாப்பான பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதன் குறுக்களவு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கெடாக்காரர்களுக்கு எளிதாகச் சொல்வதானால், சுங்கைப் பட்டாணியில் பேருந்து ஏறி அலோர் ஸ்டாரில் இறங்குகிற தொலைவு. அத்தனை பெரிய பாறை. ஆனாலும் அதன் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் நூறில் ஒரு பங்குகூட இராது. கல் வகையைச் சேர்ந்தது. சிலிக்கேட்டுப் பாறையும் உலோகமும் கலந்த இவ்வகைச் சிறுகோள்கள் தம்மீது விழும் ஒளியில் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. ஆசியா ஏறக்குறைய கால் பங்கை அனுப்புகிறது. இதே வகையைச் சேர்ந்த இத்தோகாவா என்ற சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010-இல் மண்துகள்களைக் கொண்டுவந்தது. பூமியில் மிகுதியாகக் கிடைக்கும் சாதாரண விண்கற்களும் இவ்வகைச் சிறுகோள்களும் ஒரே பொருளால் ஆனவை என்பது அதன்பின் உறுதியாயிற்று.

ஆசியா தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 15.89 மணி நேரம் ஆகிறது. இந்த எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 47.7 மணி நேரம். கிட்டத்தட்ட இரண்டு நாள். இன்றிரவு பத்து மணிக்கு அதன் ஒரு முகத்தைப் பார்த்தால், நாளை அதே நேரத்தில் ஏறக்குறைய எதிர் முகத்தைப் பார்ப்போம். மறுநாள் மீண்டும் முதல் முகமே வந்து நிற்கும். ஆகவே ஓர் ஊரிலிருந்து ஓரிரு இரவு மட்டும் பார்த்து அதன் முழு உருவத்தையும் அறிய முடியாது. பல இரவுகள் காத்திருக்க வேண்டும்; அல்லது உலகின் வேறு பக்கத்திலுள்ளவர்களோடு கைகோக்க வேண்டும். இந்த வேலையைத் தனி ஒருவரால் எளிதில் செய்துவிட முடியாது.

வெறுங்கண்ணால் ஆசியாவைப் பார்க்க முடியுமா? முடியாது. ஏறக்குறைய 16 மாதங்களுக்கு ஒரு முறை பூமி அதை முந்திச் செல்கிறது. அவற்றுள் மிக நல்ல வாய்ப்பு அமைந்தாலும் அது சுமார் பத்தாம் ஒளித்தரத்தைத்தான் எட்டும். நம் கண்ணுக்கு எட்டும் எல்லை ஆறாம் தரம். ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே ஒளி 2.512 மடங்கு வேறுபடும் என்ற அளவுகோலை 1856-இல் முன்மொழிந்தவரும் இதே போக்சன்தான். அவருடைய கணக்குப்படியே பார்த்தால், நாம் காணக்கூடிய மிக மங்கலான விண்மீனைவிட ஆசியா 40 மடங்கு மங்கல். ஆனால் நடுத்தரமான தொலைநோக்கி ஒன்று போதும். அதன் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு 6 பாகைதான் சாய்ந்திருப்பதால், கெடாவைப் போன்ற நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்களில் அது வானில் நன்றாக உயர ஏறி வரும். அந்தத் தோட்டத் திடல் அதைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம்.

பெயர் பெற்றவர்களும் பெறாதவர்களும்

இங்கே ஒரு நேர்மை தேவை. கண்டுபிடித்தவர் தமிழரல்லர். 'மதராஸில் கண்டது' என்பதை நாளடைவில் 'தமிழன் கண்டது' என்று மாற்றிப் பேசும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிச் செய்தால் அந்தச் சிறுமியை மீண்டும் ஏமாற்றுகிறோம் என்றுதான் பொருள்.

ஆனால் அந்த ஆய்வுக்கூடம் ஓர் ஆளால் நடந்ததுமன்று. சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற உள்ளூர்க்காரர் இளவயதிலேயே அங்கு வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். ஆண்டுக்கணக்கில் இரவு இரவாக விண்மீன்களின் இடங்களை அளந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைத் தாமே கண்டுபிடித்தார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தில் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். இதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்லவிருந்தபோது, அது என்ன நிகழ்வு, ஏன் நிகழ்கிறது என்பதைப் பொதுமக்களுக்கு விளக்கி ஆங்கிலத்தில் மட்டுமின்றி இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளிவரச் செய்தார். ஆங்கிலக் கருவியில் கற்றதைத் தன் மக்களின் மொழிகளில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 150 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உதவியாளருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் 1880-இல் மறைந்தார்.

போக்சனின் மகள் ஐசிஸ் போக்சனும் 1873 முதல் அதே கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். 1886-இல் அரச வானியல் கழகத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, பெண் என்ற காரணத்தால் அது ஏற்கப்படவில்லை. 1920-இல்தான் உறுப்பினரானார். 34 ஆண்டு காத்திருப்பு.

அதே நுங்கம்பாக்கத்திலிருந்து போக்சன் மேலும் நான்கு சிறுகோள்களைக் கண்டார்: 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வேரா. இவற்றுள் சில்வியா தனிக் கதை. அதைச் சுற்றும் ஒரு நிலா 2001-இலும் மற்றொன்று 2004-இலும் காணப்பட, இரண்டு நிலாக்கள் உள்ளதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் என்ற சிறப்பை 2005-இல் அது பெற்றது. கமில்லாவுக்கும் இரண்டு நிலாக்கள் இருப்பது பின்னர்த் தெரியவந்தது. வேராவுக்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக இந்தியாவிலிருந்து எந்தச் சிறுகோளும் கண்டுபிடிக்கப்படவில்லை. 1988 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்தில் ஆர்.ராஜமோகனும் அவர் குழுவினரும் அந்த மௌனத்தைக் கலைத்தார்கள். அவர்கள் கண்ட கோள் 4130 என்ற எண்ணோடு கணித மேதை இராமானுஜனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆக, "எத?" என்ற கேள்விக்கு விடை ஒன்றன்று, பல.

பழம்பெருமை போதுமா?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். கெடா என்றால் நமக்குக் கடாரம். இராஜேந்திர சோழன், 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பு, பூஜாங் பள்ளத்தாக்கு. ஒவ்வொரு மேடையிலும் கடாரம் முழங்குகிறது. ஒவ்வொரு மலரிலும் ஒரு கடாரக் கட்டுரை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆயிரமாண்டுக்கு முந்திய படையெடுப்பைத் தேதியோடு ஒப்பிக்கிற நமக்கு, 1861-இல் நடந்த ஓர் அறிவுச் செயல் தெரியாமல் போனது ஏன்? பெருமையை நாம் வெற்றியில் தேடுகிறோம். வேலையில் தேடுவதில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். படை நடத்திய மன்னனை நினைவில் வைத்துக்கொள்கிறோம். இரவு முழுதும் விழித்து எண்களைக் குறித்த உதவியாளரை மறந்துவிடுகிறோம்.

இதில் நாம் வெட்கப்படக் கூடுதல் காரணம் உண்டு. கெடாவின் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன் பாட்டிமார் மன்னர்களாக வரவில்லை, உழைப்பாளிகளாக வந்தார்கள். விடிவெள்ளி முளைக்குமுன் எழுந்து, பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பால்மரத்துக்கு நடந்தவர்கள். வானத்தைப் பார்த்து நேரம் சொன்னவர்கள் அவர்கள். நிரையில் எத்தனை மரம் என்ற கணக்கு யாருக்கும் தப்பாது. இரவில் விழித்திருத்தல், எண்ணுதல், நாள் தவறாமை: ஒரு வானியலாளனுக்கு வேண்டிய குணமெல்லாம் அந்த வாழ்க்கையில் இருந்தது. வாய்ப்புதான் இல்லை.

இந்தக் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது: 'தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறி, பிள்ளைகள் பாதியில் படிப்பை விடுகிற காலத்தில், வானத்துக் கல்லைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமில்லையா?' நியாயமான கேள்வி. ஆனால் படிப்பை விடுகிற பிள்ளை, பெரும்பாலும் தன் கேள்விக்கு மதிப்பில்லை என்று கண்ட பின்புதான் மனத்தால் பள்ளியை விட்டு வெளியேறுகிறது. உடல் வெளியேறுவது அதற்குப் பிறகு. "எத?" என்று கேட்ட பிள்ளைக்குச் சரியான விடை கிடைத்தால் அடுத்த கேள்வியும் கேட்கும். 'எல்லாம் முன்னோருக்குத் தெரியும்' என்ற மழுப்பல் கிடைத்தால் வாயை மூடிக்கொள்ளும். இதில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது?

இரண்டாவது மறுப்பு: 'அறிவியலை ஆங்கிலத்தில் படித்தால் போகிறது, தமிழில் எதற்கு?' 2003-இல் அறிவியலும் கணிதமும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2012 முதல் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பின. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது மீண்டும் விவாதம் எழுந்தது. அந்த விவாதங்களில் நம் தரப்பு பெரும்பாலும் உரிமையைப் பேசியது. உரிமை முக்கியம்தான். ஆனால் அறிவியல் பேசும் தமிழை நாம் நாள்தோறும் எவ்வளவு புழங்கினோம்? செய்திகளைப் பாருங்கள். சிறுகோள், விண்கல், எரிமீன், வால்மீன் எல்லாம் ஒரே 'விண்கல்' ஆகிவிடுகின்றன. சூரியனைச் சுற்றும் பாறை சிறுகோள். அதன் துணுக்கு நம் காற்று மண்டலத்தில் ஒளிர்ந்தால் எரிமீன். எரிந்து தீராமல் தரையில் விழுந்தால் விண்கல். பனிக்கட்டி ஆவியாகி வால் நீண்டால் வால்மீன். நான்குக்கும் நம்மிடம் நான்கு சொற்கள் இருக்கின்றன. சொல் இல்லாத மொழி அன்று தமிழ். சொல்லைப் புழங்காத மாணவர்களாக நாம்தான் இருக்கிறோம். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கற்றதை வீட்டு மொழியில் விளக்கத் தெரியாதவருக்கு அது பாதிதான் புரிந்திருக்கிறது என்கிறேன்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது எளிது. ஆகவே மூன்று செயல்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, நம் ஆண்டு மலரில் கவிதை, சிறுகதை, இலக்கணக் கட்டுரை ஆகியவற்றோடு ஆண்டுதோறும் குறைந்தது மூன்று அறிவியல் கட்டுரைகளாவது இடம்பெற வேண்டும். எழுதுபவர்கள் நம்முடைய பொறியியல், மருத்துவ, அறிவியல் துறை மாணவர்களாக இருக்கட்டும். அவர்களைத் தமிழ் விழாவில் நாற்காலி அடுக்க மட்டும் அழைத்தது போதும். தமிழ்த்துறை மாணவர்கள் சொல் தேர்ந்து கொடுக்கட்டும். தேதியும் எண்ணும் இல்லாத பெருமைக் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் துணிவு ஆசிரியர் குழுவுக்கு வேண்டும்.

இரண்டு, சிறுகோள் தேடல் இன்று மாணவர்களும் செய்யக்கூடிய வேலை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹார்டின்-சிம்மன்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட பன்னாட்டு வானியல் தேடல் கூட்டமைப்பு, 2006 முதல் இதை நடத்துகிறது. ஹவாய்த் தீவின் பெரிய தொலைநோக்கி எடுத்த படங்களைப் பள்ளி, கல்லூரிக் குழுக்களுக்குக் கட்டணமின்றி அனுப்புகிறது. ஒரே பகுதியின் படங்களை அடுத்தடுத்து ஓட்டி, எந்தப் புள்ளி நகர்கிறது என்று மாணவர்கள் தேட வேண்டும். 1861-இல் நுங்கம்பாக்கத்தில் கையால் செய்த அதே ஒப்பீடு, இன்று கணினித் திரையில் நடக்கிறது. வேண்டியவை ஒரு கணினி, இணையம், பொறுமை. வழிமுறைகள் ஆங்கிலத்தில் இருக்கும். அங்கேதான் நமக்கு வேலை. சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களில் ஓர் இடைநிலைப்பள்ளிக்கு இரண்டு பல்கலைக்கழக மாணவர் என்று பொறுப்பேற்று, தமிழில் பயிற்சி தர முடியாதா? கண்டது உறுதியாகிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. உறுதியாகப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்தத் தேடலில் உட்கார்ந்த பிள்ளை, கண்டுபிடிப்பு என்பது வேறு இனத்துக்குரிய மந்திரம் என்று இனி நினைக்காது.

மூன்று, நம் தோட்டங்களில் மிஞ்சியிருக்கும் முதியவர்களிடம் போய், வானத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். எந்த மீன் எங்கே ஏறினால் பிரட்டுக்கு நேரமாயிற்று என்று அறிந்தார்கள்? எந்தச் சொல்லால் அதை அழைத்தார்கள்? தமிழகத்திலிருந்து கொண்டுவந்த சொல் எது, இங்கே வந்து பிறந்த சொல் எது? இது மொழிக் கழகத்தின் நேரடிப் பணி. பால்வெட்டு மரங்கள் செம்பனையாக மாறிவிட்டன. அந்த இருட்டில் நடந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்தாண்டு கழித்து இந்தக் கேள்வியைக் கேட்க ஆளிருக்கலாம். பதில் சொல்ல ஆளிருக்க மாட்டார்கள்.

இம்மூன்றிலும் பெரும் பணமோ அரசின் அனுமதியோ தேவையில்லை. சற்று மனமும் சில சனிக்கிழமைகளும் வேண்டும். படித்து முடித்து வேலையில் அமர்ந்துவிட்ட முன்னாள் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தீபாவளி விருந்துக்கு நன்கொடை தருகிறீர்கள், நன்றி. அடுத்த முறை ஒரு நடுத்தரத் தொலைநோக்கி வாங்கித் தாருங்கள். அது கெடாவில் தமிழ்ப்பள்ளிக்குத் தமிழ்ப்பள்ளி கைமாறிச் செல்லட்டும்.

அன்றிரவு கேள்வி கேட்ட மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் இருப்பாள். அவள் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. அவள் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது என்று பின்னர்க் கேள்விப்பட்டேன். இந்த விடையை அவளிடம் சேர்க்க என்னால் முடியவில்லை. ஆனால் அவளைப்போல் கேள்வியோடு காத்திருக்கும் பிள்ளைகள் கெடாவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறை முகாமுக்குப் போகும் தோழர்களே, தோழியரே, பையில் பந்தையும் பரிசுப் பொருளையும் எடுத்து வைக்கும்போது, 67 என்ற எண்ணையும் 1861 ஏப்ரல் 17 என்ற நாளையும் நினைவில் எடுத்துச் செல்லுங்கள். யாராவது "எத?" என்று கேட்டால், இம்முறை நம்மிடம் விடை இருக்க வேண்டும்.